தெருவுக்கே கேட்ட நெஞ்சு

மாதத்தில் ஒரு நாள் கம்பி பார்ப்பதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு மட்டும்தான் குமாரபாளையத்தில் எங்கள் தெருவுக்குத் தன் சொந்தக் குரல் கேட்கும், மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் கத்தியே பேசி, கத்தியே சமாதானமாகி, பிள்ளையைக் கத்தியே கொஞ்சிப் பழகியவர்கள். அப்படிக் கரண்ட் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த ஆம்பளைகள் சத்தம் நின்றுபோனதாலேயே தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தபோது, ஊரிலிருக்கிற அத்தனை தறியும் நின்ற பிறகும் ஒரே ஒரு தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்டது.

"எவன்டா அவன், ஜெனரேட்டர் வெச்சு ஓட்டறவன்?" என்று பாவு பிணைக்கிற மாதேஸ்வரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்ப, பின்னாலேயே நாலு பேர் கிளம்ப, வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே போய் அவர்கள் கடைசியில் நின்ற இடம் குழந்தைவேல், அர்த்தநாரி அண்ணன் தம்பி வீட்டு வாசல். அங்கே தறி நின்றுதான் கிடந்தது. தம்பி பெண்டாட்டி நவமணி குழாயடியில் காலிக்குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள், சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

"என்ன அம்மிணி, நெஞ்சுக்குள்ள தறி போட்டுட்டியா?"

"தெரியலீங்கண்ணா, ரொம்ப நாளாவே இப்படித்தான் அடிச்சுட்டுக் கெடக்குது. இன்னிக்குத்தான் வெளிய கேக்குதாட்ட இருக்கு."

மாதேஸ்வரன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். நல்ல ஓட்டம், இழை அறாத ஓட்டம் என்று சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் இல்லை என்பதில் நிம்மதியாகித் தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் கரண்ட் வந்தது, எல்லாத் தறியும் ஓடியது, ஆனாலும் ஒரு தடவை கேட்ட காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டது. குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அந்த நெஞ்சு வேகமெடுக்கும், போன் அடித்தால் இன்னும் வேகமெடுக்கும், பள்ளிப்பாளையத்துக்கு நூல் எடுக்கப் போன அர்த்தநாரி வரத் தாமதமானால் தெருவே அதிர்கிற மாதிரி அடிக்கும், அவன் வண்டி முக்குத் திரும்பியதும் மெல்லத் தணியும். அதனால் அர்த்தநாரி வந்தானா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சிலிண்டர் போடுகிறவன் இரும்பில் தட்டுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று இருமினான். கைக்குழந்தைக்காரிகள் தூளியை நவமணி வீட்டுச் சுவர்ப்பக்கமாக மாற்றிக் கட்டினார்கள், அந்தத் துடிப்பில் பிள்ளைகள் மற்ற எதிலும் தூங்காத தூக்கம் தூங்கின. இரவு ஷிப்ட்டில் கண் சொக்கும்போது எங்களுக்கு அது துணையாக இருந்தது, நாங்கள் தூங்காமலிருக்க எங்கோ ஒருத்தியும் தூங்காமலிருக்கிறாள் என்று. தறியின் ஓட்டத்தைக்கூட அதற்கேற்ற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டோம்.

பெண்கள் சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள், நாற்காலி போட்டார்கள், குடத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் காந்திமதி தினமும் மாலையில் வந்து நவமணியின் முதுகை நீவிவிட்டு, "பாவம், எப்படி அடிச்சுக்குது பாருங்க, நானா இருந்தா செத்தே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, வந்த மற்றவர்களையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் போவாள்.

இதையெல்லாம் ஊடை நூலைத் தார் சுற்றுகிற மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணன் பெண்டாட்டி பரமேசு.

பரமேசுவின் நெஞ்சும் அடித்தது. நவமணி இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்னாலிருந்தே அடித்தது. ஓர் ஆடிப் பெருக்கன்று பவானிக்குப் போன பஸ் பாலத்தின் நடுவில் கூட்டத்தில் மாட்டி நின்றபோது, காரணமே இல்லாமல் அவளுக்கு மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, காதுக்குள் கொய்யென்று இரைந்து, இதோ சாகப்போகிறேன் என்று பட்டது. சாகவில்லை, பஸ் நகர்ந்தது, யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாவு அவளைத் தேடித் தேடி வந்தது, சந்தையில் வந்தது, சினிமாக் கொட்டகையில் வந்தது, கல்யாணப் பந்தியில் இலை முன்னால் வந்தது. வரும்போதெல்லாம் அவள் கொல்லைக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, போன பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டாள். அப்புறம் சந்தைக்குப் போவதை விட்டாள், பந்தியை விட்டாள், பாலத்தைச் சுத்தமாக விட்டாள். மகள் தாரணியை ஆற்றுக்கு அக்கரையில் பவானியில்தான் கட்டிக் கொடுத்திருந்தது, டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம், ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. மறுவீட்டு விருந்துக்குக் காய்ச்சல் என்றாள். தெரு அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது.

"சம்மந்தி வீட்டுல கை நனைக்க மாட்டாளாமா. அவ்வளவு ஏத்தம்."

ஏத்தக்காரி என்ற பெயரோடு இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் பரமேசு நினைத்திருந்தாள், பைத்தியம் என்ற பெயருக்கு அது தேவலை. ஆனால் தான் இத்தனை வருஷம் கொல்லைக் கல்லில் மறைத்து வைத்த அதே நோய் இன்னொருத்திக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுக்குக் காப்பி குடித்தபோது, அவளுக்கு வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டினது போலிருந்தது. எல்லோருக்கும் கேட்கிற நெஞ்சு அவளுக்கு, யாருக்கும் கேட்காத நெஞ்சு எனக்கா? ஆளில்லாதபோது எவர்சில்வர் டம்ளரைத் தன் மார்பில் கவிழ்த்து அதன் அடியில் காதை வைக்க முயன்று பார்த்தாள். கழுத்து எட்டவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே குழந்தைவேல் சொன்னான்: "நவமணியப் பார்த்தா பாவமா இருக்குது. உனக்கென்ன, உனக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. நீ கல்லு."

பாராட்டாகத்தான் சொன்னான். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து கல்லிடம் போனாள்.

நவமணிக்கு மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தார்கள், கோயிலில் பூப்போட்டுப் பூவாக்குக் கேட்டார்கள், இதயத்துக்கென்று தனியாக டாக்டரைப் பார்த்து நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தமும் குத்திப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. அந்த டாக்டர்தான், வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டரம்மா ஒருத்தர் வருகிறார், போய்ப் பாருங்கள் என்றார். வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, ஓரகத்திதான் கூடப் போக வேண்டும். பாலம் தாண்ட வேண்டியதில்லை என்பதால் பரமேசு போனாள்.

டாக்டர் நஸ்ரீன் சின்ன வயசுக்காரர். நவமணி அறைக்குள் நுழைந்ததும் மேஜைமேல் பேனா நடுங்கி உருண்டதை அவர் பிடித்து வைத்துக்கொண்டாரே தவிர ஆச்சரியப்படவில்லை.

"உக்காருங்க. எப்பல்லாம் இப்படி வருது? வரும்போது என்ன தோணும்?"

நவமணி சொல்லத் தொடங்கினாள், மூச்சு முட்டுகிறது என்றாள், விரல் மரக்கிறது என்றாள், சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரமேசுவுக்குத் தன் பெட்டியைத் திறந்து தன் துணியை யாரோ எடுத்து உடுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது.

"இது பதற்ற நோய்ங்கம்மா" என்றார் டாக்டர். "பைத்தியம் இல்ல, நடிப்பு இல்ல, திமிரும் இல்ல. ஆபத்து வந்தா ஓடறதுக்கு உடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு. அது ஆபத்து இல்லாதப்பவும் கெளம்பிடுது."

"ஊடை நூல் அறாமயே தறி நின்னு நின்னு போகுமே, அது மாதிரிங்களா?" என்று கேட்டாள் நவமணி.

"அதேதான். தறிய ஒடைச்சுப் போட மாட்டோம் இல்ல? சரி பண்ணுவோம்." மாத்திரை எழுதினார், அது வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, முக்கியமானதைச் சொல்கிறவர் போலச் சொன்னார்: "பயம் மேல ஏறும். ஏறினது இறங்கித்தான் ஆகணும். ஆனா அது இறங்கறதுக்குள்ள நீங்க ஓடி வந்துட்டீங்கன்னா, ஓடினதாலதான் பொழைச்சோம்னு உடம்பு நம்பிடும். அதனால பயப்படற எடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போகணும். போயி நிக்கணும். அது தானா இறங்கற வரைக்கும் நிக்கணும். மூச்ச இழுக்கறத விட, விடறத நீளமா விடுங்க."

பரமேசுவின் உதடுகள் அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. டாக்டர் அவளைப் பார்த்தார்.

"நீங்க?"

"நான் கூட வந்தவங்க" என்றாள் பரமேசு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவளே முதலில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவில், என்ன ஒத்துமை, என்ன பாசம் என்று பேசிக்கொண்டார்கள். அது பாசமில்லை, அவள் திருடப் போனாள். நவமணிக்குச் சொன்ன பாடத்தை ஒரு சொல் சிந்தாமல் வாங்கிவந்து வைத்துக்கொண்டாள். நவமணி குக்கர் பக்கத்தில் நின்று பழகியபோது ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்று, "அப்படித்தான் கண்ணு, நில்லு, நில்லு" என்று உற்சாகப்படுத்தினார்கள், விசில் அடித்தும் அவள் நகராமலிருந்ததற்குக் கைதட்டினார்கள். பரமேசு கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஒற்றையாளாகப் பாலத்தடிக்குப் போனாள். முதலில் பாலம் தெரிகிற டீக்கடை வரைக்கும், பிறகு பாலம் தொடங்குகிற இடத்துப் பிள்ளையார் வரைக்கும், பிறகு முதல் விளக்குக் கம்பம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சாவு வந்து தன்னைத் தின்றுவிட்டுப் போகிற வரைக்கும் நின்றாள், அது இறங்கியது, டாக்டர் சொன்ன மாதிரியே இறங்கியது. கைதட்ட யாருமில்லை. மூன்றாவது கம்பத்துக்கு வந்த நாளில், கீழே துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். மூன்றாவதைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. மாத்திரை இல்லாமல், கேட்க ஆளில்லாமல், பாதி வைத்தியத்தில் அவ்வளவுதான் வரும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

இதற்குள் நவமணியின் நெஞ்சு தணியத் தொடங்கியிருந்தது. மாத்திரையும் பழக்கமும் சேர்ந்து வேலை செய்தன. முதலில் தெருக்கோடிக்குக் கேட்காமல் போனது, பிறகு எதிர்வீட்டுக்கு. தூளியில் பிள்ளைகள் அழுதன. நாங்கள் இரவில் தூங்கி விழுந்தோம், துணியில் குறை விழுந்தது, முதலாளிகள் ஏசினார்கள். குணமானது நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், சொல்லும்போது எதையோ பறிகொடுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சிலிண்டர்காரன் மறுபடி இரும்பில் தட்ட ஆரம்பித்தான், அதுவும் நவமணி வீட்டு முன்னால் வந்து மட்டும். காந்திமதி நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்துவிட்டுக் கட் செய்தாள். மாதேஸ்வரன்கூட ஒரு நாள் ஜன்னலோரமாக வந்து, "அம்மிணி, பள்ளிப்பாளையம் ரோட்டுல ஏதோ வண்டி மோதிக்கிச்சாமா" என்று சொல்லிவிட்டு, காதைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வேகமெடுக்கவில்லை.

பரமேசு இதையெல்லாம் பார்த்தாள். ஒரு மத்தியானம் நவமணி முதுகைக் காட்டி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள், கழுத்து நிம்மதியாகச் சாய்ந்திருந்தது, முணுமுணுவென்று ஏதோ பாட்டு. தன்னுடைய நோயைத் தன்னுடைய கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு வந்து, தன்னுடைய மருந்தையும் சாப்பிட்டுவிட்டு, தனக்கு முன்னால் அக்கரை போய்ச் சேர்ந்துவிட்ட அந்தக் கழுத்தைப் பார்த்தபடி நின்றவள், கையிலிருந்த பெரிய எவர்சில்வர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, சிமெண்டுத் தரையில் விட்டாள். வீடு முழுக்க அதிர்ந்தது. தட்டு சுழன்று சுழன்று அடங்குவதற்குள் பரமேசுவின் நெஞ்சு தொண்டைக்கு ஏறிவிட்டது.

நவமணி மெதுவாகத் திரும்பினாள். "கை வழுக்கிருச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பூவை எடுத்தாள்.

அந்த வாரம்தான் தாரணிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. கட்டுச்சோறு கொண்டு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று ஒற்றைப்படையில் சோறு கிளறி, பெத்தவள் தன் கையால் கொண்டுபோய் மகள் மடியில் வைத்து, வளையல் போட்டு, தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பெத்தவள் இருக்கும்போது வேறு கை அதைச் செய்யாது.

"நீ வருவியாம்மா?" என்று போனில் கேட்டாள் தாரணி. குரலில் கோபம்கூட இல்லை. "கல்யாணத்துக்கப்பறம் என்ற வூட்டு வாசல நீ மிதிக்கல. மாமியா ஒண்ணும் சொல்லல, நான்தான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இதுக்கும் சித்திய அனுப்பிச்சீன்னா நான் வரல. இங்கயே பெத்துக்கறேன்."

"வர்றேன் கண்ணு" என்றாள் பரமேசு.

கட்டுச்சோற்றுக்கு நாள் பார்த்த அன்று காலை வாசலில் டெம்போ வந்து நின்றது. தெருப் பெண்கள் பட்டுப்புடவையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மூடியில் சோற்றுக் கரண்டி செருகிய புளிச்சோற்றுப் போசிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பரமேசு சொன்னாள், "நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்."

"பாத்தீங்களா" என்றாள் காந்திமதி, இறங்கிய குரலில்தான், ஆனால் தறிக்குப் பழகிய குரல் எவ்வளவு இறங்கும்? "டெம்போ ஆகாதாமா. ராணிக்குக் கார் வேணுமாட்ட இருக்கு."

நவமணி இறங்கி ஓரகத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இறங்கியதால் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள், ஆம்பளைகள் மற்ற போசிகளோடு டெம்போவில் முன்னால் போனார்கள். பெண்கள் கூட்டம் டீக்கடையைத் தாண்டியது, பிள்ளையாரைத் தாண்டியது. முதல் கம்பம். இரண்டாவது. மூன்றாவது கம்பத்தில் பரமேசு நின்றுவிட்டாள். ஒரு பஸ் போனது, பாலம் நடுங்கியது, அவள் விரல்கள் மரத்துப் போயின, போசி இடுப்பிலிருந்து நழுவியது.

நவமணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுக்கா?"

"நான் வரல."

"அதான் சொன்னனே" என்றாள் காந்திமதி.

இத்தனை வருஷமும் இந்த இடத்தில் பரமேசு காய்ச்சல் என்றிருப்பாள். அவள் தன் மார்பைக் குனிந்து பார்த்தாள், இப்போதாவது வெளியே கேட்காதா என்று. கேட்கவில்லை. ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. ஆகவே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"எனக்கும் அதுதான்" என்றாள். "நவமணிக்கு இருந்தது. எனக்கு வெளிய கேக்காது. உள்ளயே அடிக்கும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். கேட்காததை எப்படி நம்புவது?

"எப்ப இருந்துக்கா?"

"நீ வர்றதுக்கு முன்னாடியிருந்து." பரமேசுவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு உன்மேல பொறாமை. அந்தத் தட்டு வழுக்கல. நானாத்தான் போட்டேன்."

"தெரியும்" என்றாள் நவமணி. "நீ தலைக்கு மேல தூக்கினது எதிர பீரோக் கண்ணாடில தெரிஞ்சுது. எதுக்குன்னுதான் தெரியல."

அவள் பாலத்தின் நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போசியை மடியில் வைத்துக்கொண்டு, ஓரகத்தியையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இடது உள்ளங்கையைப் பரமேசுவின் நெஞ்சில் அழுத்தி வைத்தாள். வலது கையால் சோற்றுக் கரண்டியை எடுத்து, உள்ளங்கையில் துடிப்புப் பட்டது பட்டபடியே, போசி மூடியின்மேல் அடிக்கத் தொடங்கினாள்.

அந்த அடி பாலம் முழுக்கக் கேட்டது. அது நவமணியின் பழைய ஓட்டம் இல்லை, அதைவிட வேகம், அதைவிட முரடு, இழை அறுந்து இழை அறுந்து ஓடுகிற கிழட்டுத் தறியின் ஓட்டம், பக்கத்தில் நின்றவர்களின் பல் கிட்டிக்கிற ஓட்டம். சிரிப்பை அடக்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காந்திமதி அருகில் வந்து, "இதையா உள்ள வெச்சுட்டு எங்களுக்குச் சோறு பரிமாறினே?" என்று கேட்டாள், பிறகு பரமேசுவின் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை எத்தனையோ மாலைகளாக வேறொரு முதுகில் இருந்த கை.

"மூச்ச விடறத நீளமா விடுக்கா" என்றாள் நவமணி.

"தெரியும். எனக்குத்தான் முதல்ல மனப்பாடமாச்சு."

பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், சைக்கிள்காரர்கள் என்ன பூஜை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஏறியது ஏறி உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு வேறு வழியில்லாமல் இறங்கியது, கரண்டியும் அதோடு கூடவே இறங்கியது. அப்போது பரமேசு எழுந்து போசியை வாங்கிக்கொண்டாள். நாலாவது கம்பம் வரை போனதும் மறுபடி உட்கார்ந்தார்கள், மறுபடி மூடி அடித்தது, முன்னளவு வேகமில்லை. நடுப்பாலத்தில் ஒரு தடவை. அக்கரைக்குக் கிட்டத்தில் ஒரு தடவை, அது கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. தாரணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள், அம்மாவைப் பார்த்ததும், "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள். முன்னாலேயே வந்துவிட்ட குழந்தைவேல், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கப் பயந்தவனாகத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். சம்மந்தியம்மா போசியைக் கையில் வாங்கியவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, மூடி ஏன் இப்படி நெளிஞ்சு நெளிஞ்சு கெடக்குது?"

பரமேசு தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது என்ற நெஞ்சுங்க" என்றாள்.

பின்னால் நின்ற நவமணி அந்த மூடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "என்னுது இவ்வளவுக்கு நெளிச்சிருக்காது" என்றாள். அவள் குரலில் லேசாகப் பொறாமை தட்டியது, பரமேசுவுக்கு அது சுக்குக் காப்பி மாதிரி இறங்கியது.